எவர்சில்வர் தட்டு துருப்பிடிப்பதில்லை, கத்தி மட்டும் ஏன்?

கேள்வி:
நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய சமையல் கத்தியின் அலகில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றே பொறித்திருக்கிறது. சென்ற ஞாயிறன்று உப்பும் எலுமிச்சம்பழச் சாறும் தடவிய மீனை அதில் நறுக்கிவிட்டு, கழுவாமல் இரவு முழுவதும் தொட்டியிலேயே போட்டுவிட்டேன். காலையில் அலகெங்கும் ஊசி குத்தியது போன்ற பழுப்புப் புள்ளிகள். அருகில் கிடந்த எவர்சில்வர் தட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் போலியை விற்றுவிட்டாரா?

மறுமொழி 1:
போலி என்று சொல்ல முடியாது, ஐயா. தட்டும் கத்தியும் வெவ்வேறு எஃகுகள். எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு படலத்தை மேற்பரப்பில் உண்டாக்கும்; கீறல் விழுந்தாலும் அப்படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். தட்டுக்குப் பயன்படும் 304 வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு, கார்பன் மிகக் குறைவு. ஆனால் அந்த எஃகைக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது என்பதால் அதில் கத்தி செய்தால் கூர் நிற்காது. கூர் நிற்க வேண்டுமானால் கார்பன் வேண்டும்; அந்தக் கார்பனோ குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு இழுத்துக் கார்பைடு என்னும் சேர்மமாக முடக்கிவிடுகிறது. முடங்கிய குரோமியம் படலத்துக்கு உதவாது. டி2 என்னும் கருவி எஃகில் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும், 1.5 விழுக்காடு கார்பனும் இருப்பதால், அதை யாரும் துருப்பிடிக்காத எஃகு என்று ஒப்புக்கொள்வதில்லை. பதம் போட்ட விதமும் முக்கியம்: ஒரே எஃகில் செய்த இரண்டு கத்திகளில், சரியாகக் காய்ச்சாத ஒன்று முதலில் துருப்பிடிக்கலாம்.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி உருக்கிய துருப்பிடிக்காத எஃகிலும் குரோமியம் 12.8 விழுக்காடுதான், கார்பன் 0.24. துப்பாக்கிக் குழாய்க்காகத் தேடப்போய், அது கத்தியில் வந்து முடிந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு உப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு, படலத்தை ஒட்டுமொத்தமாக அரிக்காமல், பலவீனமான ஓரிடத்தில் துளைக்கிறது. துளைக்குள் ஆக்சிஜன் குறைந்து அமிலத்தன்மை கூடுவதால், படலம் மீண்டும் உருவாக வழியின்றிக் குழி ஆழமாகிக்கொண்டே போகிறது. உங்கள் புள்ளிகள் அவைதான். சமையல் சோடாவை நீரில் குழைத்து, ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். இரும்பு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் அலகில் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும், பழி கத்தியின் மேல் விழும்.

மறுமொழி 3:
கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எச்1 போன்ற எஃகுகளும் உண்டு. உப்புநீரில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். விலையைப் பார்த்தால், வீட்டுச் சமையலுக்கு அது தேவையில்லை என்பதே என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. காந்தத்தை வைத்துப் பார்த்தேன்: கத்தியில் ஒட்டுகிறது, தட்டில் ஒட்டவில்லை; இரண்டும் வெவ்வேறு எஃகுகள்தான். சோடாவில் பழுப்பு போய்விட்டது. நுனியருகே இரண்டு குழிகள் மட்டும் நகத்துக்குத் தட்டுப்படுகின்றன. அவற்றைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து எடுத்துவிடலாமா?

மறுமொழி 2:
வெட்டும் விளிம்பில் இல்லையென்றால் அப்படியே விடுங்கள். ஆனால் கழுவியதும் அந்த இடத்தை உலரத் துடைத்து வையுங்கள். ஈரம் முதலில் தங்குவது அங்கேதான்.