ஊர் நூதனசாலை: அலுமாரிக்கு முன்னால் ஒரு கொப்பி வேண்டும்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்துப் பழைய மண்டபத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு நூதனசாலை வைப்போம் என்று ஊர்ச் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை எழுதிய மடலும், கண்ணாடி அலுமாரிகளுக்கு லண்டனும் ஒஸ்லோவும் காசு தருவதாகச் சொன்னதும் பார்த்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் காசைக் கொஞ்ச நாள் வங்கியிலேயே விட்டு வையுங்கள், முதலில் ஊர்ச் சாமான்களின் கதையை எழுதி வைக்க ஒரு கொப்பி போடுவோம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு வெள்ளவத்தையில் சும்மா இருக்க மனம் வராமல், கொழும்பில் ஒரு சிறிய வரலாற்றுக் காட்சியகத்துக்குக் கிழமையில் ஒரு நாள் தொண்டாகப் போய் வருகிறேன். நூறாம் நம்பர் பஸ்ஸில் காலையில் போனால் பின்னேரம்தான் வருவேன். வருகிற ஆட்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை என்று இங்கே பலரும் நினைத்திருக்கிறார்கள். இல்லை, பின்னறையில் இருந்து பதிவேடு எழுதும் வேலை. ஒரு பொருள் வந்தால் அதன் அளவு, எதனால் செய்தது, எங்கே உடைந்திருக்கிறது, யார் தந்தது, தந்தவருக்கு எப்படிக் கிடைத்தது எல்லாம் எழுதி, ஒரு இலக்கம் கொடுக்க வேண்டும். அந்த இலக்கத்தையும் நேரே பொருளில் எழுதுவதில்லை. கண்ணுக்குப் படாத இடத்தில் நிறமில்லாத மெல்லிய பூச்சு ஒன்று பூசி, காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, மறுபடி ஒரு பூச்சு. நாளைக்கு அழிக்க வேண்டி வந்தால் பொருளுக்குக் காயமில்லாமல் அழிக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது, கதை இல்லாமல் வந்து சேர்ந்த சாமான்கள். மலாயாவை யப்பான்காரர் பிடித்து வைத்திருந்த காலத்து, வாழைமரப் படம் போட்ட பத்து டொலர் நோட்டுக் கட்டு ஒன்று கிடக்கிறது. அந்த நோட்டு அரிய பொருள் இல்லை, உலகம் முழுக்க மலிந்து போயிருக்கிறது. 1945இல் யுத்தம் முடிந்த கையோடு வெறும் கடதாசியாகிவிட்ட காசு. அதை ஏன் ஒருவர் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தார்? மலாயா ரெயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தவரா? பென்ஷன் எடுத்து வந்தவரா, தப்பி வந்தவரா? கொண்டுவந்து கொடுத்த பேரப்பிள்ளையிடம் அன்றைக்கு இரண்டு கேள்வி கேட்டு எழுதியிருந்தால் எங்கள் ஆட்களின் வரலாற்றில் ஒரு பக்கம் கிடைத்திருக்கும். இப்போது அந்தப் பேரப்பிள்ளை யார் என்பதே தெரியாது.

கொழும்பு 7இல், 1877இல் ஆளுநர் கிரெகரி காலத்தில் திறந்த தேசிய நூதனசாலைக்கு நீங்கள் எல்லோரும் சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். கண்டி அரசனின் சிம்மாசனம் அங்கே இருக்கிறது. 1693இல் ஒல்லாந்தர் கொடுத்தது, 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோனது, 1934இல் திரும்பி வந்தது என்று அதன் ஒவ்வொரு நகர்வுக்கும் கடதாசி உண்டு. அரச வீட்டுச் சாமானென்றால் எழுதி வைக்க ஆள் இருக்கும்.

அங்கேதான் காலி நகரில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டும் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைக் கோயில் தெய்வமான தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கொடுத்ததையெல்லாம் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு வருடம் கேட்பாரற்றுக் கிடந்தாலும், எழுத்து இருந்தபடியால் அந்தக் கல் தன் கதையைத் தானே சொல்லிவிட்டது. அம்மம்மாவின் பாக்குவெட்டியில் எழுத்து இல்லையே. நாங்கள் எழுதாவிட்டால் அது எந்த ஊரிலும் கிடைக்கும் ஒரு பாக்குவெட்டி, அவ்வளவுதான்.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் கடைசியில், சண்டை நெருங்கி யாழ்ப்பாணத்து வலிகாமமே கிளம்பி நடந்தபோது கையில் எடுத்தது காணி உறுதிப் பத்திரமும் கலியாண அல்பமும்தான். பிறகு அவையும் கடல் கடந்து போய்விட்டன. ஊரின் மிச்சம் இன்று ஸ்காபரோவிலும் ஹரோவிலும் அலுமாரித் தட்டுகளில் இருக்கிறது. மண்டபத்தைத் திறந்தால் வைக்க என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு உரல், ஒரு துலா, துருப்பிடித்த சைக்கிள். அதனால்தான் கொப்பி முதலில் என்கிறேன்.

வேலை பெரிதில்லை. பொருளைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். யாருடையது, எந்த வீட்டில் இருந்தது, யார் பாவித்தார், எப்போது ஊரைவிட்டு வந்தது என்று நாலு வரி எழுதுங்கள். தெரியாததைக் கற்பனை செய்ய வேண்டாம், வெறுமையாக விடலாம். பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கொழும்பின் ஈரக் காற்றிலேயே பழைய கடதாசியில் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது பெரும்பாடு. ஊரில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தில் கறையானுக்கு அது விருந்து.

படங்களின் பின்னால் பேனையால் எழுதாதீர்கள், மெதுவாகப் பென்சிலால் எழுதுங்கள். கிழிந்த உறுதிக்கு செலோடேப் ஒட்டவே வேண்டாம், அந்தப் பசை மஞ்சளாகிக் கடதாசியைத் தின்றுவிடும். பழைய அல்பத்தில் ஒட்டிய படங்களை உரிக்காமல் பக்கத்தோடு படம் எடுங்கள். அப்புறம் மாமிமாருக்கு ஒன்று: குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்கி அனுப்பாதீர்கள். சாமி அறைக்கு அது சரி. பழைய விளக்கில் பேர் ஏதும் வெட்டியிருந்தால் தேய்க்கத் தேய்க்க அதுவும் போய்விடும். இதைச் சொல்லி வீட்டிலேயே பேச்சு வாங்கினேன், பரவாயில்லை.

உறுதிகளைத்தான் நான் முதலில் கேட்பேன். விலை, பரப்புக் கணக்கு எதுவும் எனக்கு வேண்டாம், மறைத்துவிட்டே அனுப்புங்கள். காணியின் பெயரும் நாலு எல்லையும் போதும். இப்போது ஊரில் வளரும் பிள்ளைகள் ‘மதகடிக் காணி’, ‘கடைக்குப் பின்பக்கம்’ என்றுதான் சொல்கிறார்கள். உறுதியில் உள்ள பெயர்களைச் சேர்த்தால் குளத்தில் இருந்து சுடலை வரை ஒரு வரைபடமே போடலாம். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். வாசிகசாலைப் பக்கம் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்ய நினைத்திருக்கிறேன். கோயிலின் மேற்கு வீதிக்கும் பெரிய கிணற்றுக்கும் இடையில் உள்ள வளவுகளின் பழைய பெயர் யாருக்காவது ஞாபகம் இருந்தால், அல்லது அந்தப் பக்கத்து உறுதி கையில் இருந்தால், நான் வெளிக்கிடுவதற்கு முன் எழுதி அனுப்புங்கள். மெல்பேர்ண் சித்தப்பா, உங்களிடம் கட்டாயம் இருக்கும்.