எடை குறைந்தது, அம்மாவின் நடையும் குறைந்துவிட்டது

வைகைக்கரை:
அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை வந்து 18 வருடம். மூட்டு வலிக்கு எடையைக் குறைக்கச் சொன்னார்கள் என்று இரவுச் சாப்பாட்டையே நிறுத்தி, எட்டு மாதத்தில் 74 கிலோவிலிருந்து 65க்கு வந்துவிட்டார். சர்க்கரை அளவு நன்றாக இருக்கிறது, ஆனால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, தினமும் போகும் கோயிலுக்கும் போவதில்லை. இது நல்லதா?

மாலைநடை:
கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும். அமெரிக்காவில் சர்க்கரை உள்ள 5,145 பேரை வைத்து நடந்த லுக் அஹெட் ஆய்வில் எடை குறைத்தவர்களுக்கு நடமாட்டம் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தது, ஆனால் அவர்களுக்கு வாரம் 175 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக இருந்தது. வெறும் பட்டினி வேறு விஷயம்.

செம்பருத்தி:
முதலில் ஒன்று சொல்லுங்கள், இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறாரா? அதை எடுத்துக்கொண்டு இரவில் சாப்பிடாமல் படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்வையும் மயக்கமும் வரலாம், இந்த வயதில் விழுந்து இடுப்பு உடைந்தால் மீள்வது கஷ்டம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வைகைக்கரை:
கிளிமிபிரைடு எடுக்கிறார். விடியற்காலையில் வியர்க்கிறது என்றார், நான் வெயில் என்று நினைத்துவிட்டேன். நாளைக்கே போகிறோம்.

பனைமரம்:
அப்படியே சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள், சிறுநீரகம் சரியாக இருந்தால் தசைக்குப் புரதம் தரும் முட்டை, சுண்டல், மீன் கூட்டலாம். என் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் பத்து முறை செய்தார், மூன்று மாதத்தில் எடை ஒரு கிலோ ஏறியது, தனியாகக் கடைக்குப் போக ஆரம்பித்தார்.