மறு: ‘சீழ்மணிக் கட்டி’ வேண்டாம், ‘தந்துகிக்குலை’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

தோலிலோ வாய், மூக்கின் உட்பரப்பிலோ வரும், தொட்டால் இரத்தம் கசியும் சிவப்புக் கட்டிதான் பையோஜெனிக் கிரானுலோமா. அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘சீழ்மணிக் கட்டி’ என்று நேற்றைய மடலில் வந்ததை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் மூலப்பெயரே தவறு. அதில் சீழும் கிடையாது, அது கிரானுலோமாவும் (அழற்சியில் செல்கள் திரண்டு உண்டாகும் முடிச்சு) அல்ல. சீழ்க்கிருமியால் வருவதாக நினைத்து 1904-இல் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. 1980-இல் மில்ஸ், கூப்பர், ஃபெக்னர் மூவரும் உள்ளே இருப்பது தந்துகிகளின், அதாவது மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின், கூட்டம்தான் என்று விளக்கி, லோபுலர் கேப்பிலரி ஹீமாஞ்சியோமா என்றார்கள். நாம் அதைத்தான் தமிழாக்க வேண்டும்.

எனக்கு இதில் ஒரு வலி உண்டு. இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து வீட்டுப் பெண் ஒருத்திக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் வந்துகொண்டே இருந்தது. துணைக்குப் போனேன். ஸ்கோப் திரையில், நடுச்சுவரின் முன்பக்கம், ஈரமாய் மின்னும் சிவப்பு உருண்டை. லேசாகப் பட்டதுமே கசிந்தது. டாக்டர் சொன்ன பெயரை ‘சீழ்க்கட்டி’ என்று மாமியாருக்குப் பெயர்த்துச் சொன்னவள் நான். சீழ் என்றால் மாத்திரையில் ஆறிவிடும் என்று அவர் அடுத்த தேதிக்கு மருமகளை அனுப்பவில்லை. கர்ப்பத்தில் வருவது பிரசவத்துக்குப் பின் சுருங்குவதும் உண்டு, இவளுக்குச் சுருங்கவில்லை. அப்புறம்தான் அடியோடு எடுத்து, திசு ஆய்வில் உறுதிசெய்தார்கள். புற்று இல்லை. ஆனால் அத்தனை மாதம் அவள் தலையணையில் துண்டு விரித்துத்தான் படுத்தாள்.

‘லோபுலர்’ என்பதற்கு ‘மடல்’ என்றால் காதுமடல்தான் நினைவுக்கு வரும். நுண்ணோக்கியில் தெரிவது வேறு: நடுவில் சற்றுப் பெரிய நாளம், அதைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தந்துகிகள். செம்பனை வெட்டுகிறவரிடம் ‘குலை’ என்றால் போதும், காம்பும் பழமும் கண்ணில் வந்துவிடும். ஈரக்குலையோடு குழம்பாதா என்று கேட்கலாம். ‘தந்துகி’ முன்னால் நிற்பதால் குழம்பாது.

இன்னொன்று. ஆஞ்சியோஃபைப்ரோமாவை இதோடு சேர்க்காதீர்கள். அது பதின்வயதுப் பையன்களுக்கு மூக்கின் பின்புறத்தில் வருவது. ஸ்கேன் பார்க்காமல் திசு ஆய்வுக்குத் துணுக்கு வெட்டினால் இரத்தம் கொட்டும். அதற்கு ‘நாளநார்க் கட்டி’ என்று தனிச்சொல் இருக்கட்டும். இரண்டையும் ‘சதை வளர்ச்சி’ என்று ஒரே பெயரில் சொல்வது ஆபத்து.

‘தந்துகிக்குலை’ மட்டும் போதுமா, ‘தந்துகிக்குலைக் கட்டி’ என்று முழுதாக வேண்டுமா? ‘கட்டி’ என்றதுமே புற்று என்று பயப்படுகிறார்கள், அதனால் எனக்கு முதலாவதே பிடித்திருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.