அப்டேட்: மாரா ஆறு கிராஸிங் பாத்தாச்சு

ஆகஸ்ட்ல கிராஸிங் (மாடு மாதிரி இருக்குற மறிமான் வகையான வில்டபீஸ்ட் கூட்டமா ஆத்த கடக்குறது) பாக்க கென்யா பக்கமா, டான்சானியால வடக்கு செரெங்கெட்டில இருக்குற கொகடெண்டேவானு இங்க கேட்டிருந்தேன்ல, கொகடெண்டேவே போயிட்டு வந்துட்டோம். மூணு நாள் கரையில தவம்தான். ஆயிரக்கணக்குல வில்டபீஸ்ட் வந்து நிக்கும், முன்னாடி நிக்கிறது தண்ணிய மோந்து பாக்கும், அப்புறம் என்ன தோணுமோ திரும்பிடும், பின்னாடியே மொத்த கூட்டமும். கடுப்பு! மூணாம் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவ திறந்தப்போதான் ஒண்ணு குதிச்சுது, அவ்ளோதான், ஒரே புழுதி, சத்தம். முதலை ஒண்ணும் பிடிக்கல, ஆனா ஒரு குட்டி எதிர்க்கரை மேட்டுல ஏற முடியாம சறுக்கி சறுக்கி, நாலாவது தடவதான் ஏறுச்சு, வண்டியில எல்லாரும் மூச்ச பிடிச்சுட்டு இருந்தோம். சில ஜீப்புங்க இறங்குற இடத்துலயே போய் மறிக்குது, அசிங்கமா இருந்துச்சு. குட்டி போடுறத பாக்கணும்னா பிப்ரவரில செரெங்கெட்டியோட தெற்கே இருக்குற என்டுட்டு பக்கம் போங்க.