லித்தியம் பேட்டரி பேக்குக்கு சார்ஜர் வாங்கப் போன இடத்துல என்னாச்சு? உங்க அனுபவத்தையும் போடுங்க

நானே ஆரம்பிக்கிறேன். லோ ஸ்பீட் எலக்ட்ரிக் ஸ்கூட்டர், நாலு லெட் ஆசிட் பேட்டரியும் உயிர விட்டுருச்சு, லித்தியம் போட்டுக்கலாம்னு ஒருத்தர்கிட்ட குடுத்தேன், வேலை சுத்தமா பண்ணிருந்தாரு, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. புது சார்ஜர் எவ்வளவுங்கன்னு கேட்டா, "எதுக்குங்க தண்டச் செலவு, அதுவும் 48 வோல்ட் இதுவும் 48 வோல்ட், பழசையே சொருகுங்க"ங்கிறாரு. பேக் மேல 13 எஸ், என்.எம்.சி-ன்னு மார்க்கர்ல எழுதிருந்துச்சு, அதாவது 13 செல் வரிசையா, என்.எம்.சி-ங்கிறது லித்தியம் செல்லுல ஒரு வகை. செல்லுக்கு 4.2 வெச்சா 54.6 வோல்ட்ல ஃபுல். இதச் சொன்னதும் மனுஷன் மல்ட்டிமீட்டர எடுத்து பழைய சார்ஜர் முனையில வெச்சே காட்டிட்டாரு, 55.2. "அரை வோல்ட் தானே ஜாஸ்தி, இதுக்குப் போயி பயந்துக்கிட்டு"ன்னாரு. ஆனா சார்ஜர் அடியில ஸ்டிக்கர்ல 59-ன்னு இருக்கு! எதுக்கும் இருக்கட்டும்னு 54.6 போட்ட சார்ஜர் தனியா ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டேன். அந்த 55.2 எப்படி வந்துச்சுன்னு மட்டும் இன்னும் மண்டைய குடையுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

———

கோயம்புத்தூர்ல பேக் கட்டுறது தான் நமக்கு தொழில். ரெண்டு நம்பருமே நிஜம்தாங்க. லெட் ஆசிட் சார்ஜர் பெரும்பாலும் மூணு ஸ்டேஜ்ல ஓடும், மொதல்ல ஃபுல் கரண்ட், அப்புறம் 58, 59 வரைக்கும் ஏத்திப் பிடிக்கும், கரண்ட் குறைஞ்சதும் ஃப்ளோட்டுக்கு, அதாவது ஃபுல்லான பேட்டரிய அப்படியே வெச்சிருக்கிற வோல்டேஜுக்கு, இறங்கி 55 சொச்சத்துல நிக்கும். லோடே இல்லாம மீட்டர் வெச்சா கரண்ட் எங்க போகும், பேட்டரி ஃபுல்லுன்னு நெனச்சு அது நேரா ஃப்ளோட்டுல போய் உக்காந்துக்கும். பேக்க மாட்டினா தான் 59-க்கு ஏறும், 13-ஆல வகுத்துப் பாருங்க, செல்லுக்கு 4.5 வருது. பேக்குக்குள்ள இருக்கிற பாதுகாப்பு போர்டு, பி.எம்.எஸ், 4.25 பக்கத்துல கட் பண்ணும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா அது என்னைக்காவது தப்பு நடந்தா காப்பாத்த வெச்சது, தினமும் அத வெச்சே சார்ஜ நிறுத்திட்டு இருந்தா அதுல கட் பண்ற சுவிட்ச், மாஸ்ஃபெட், ஒண்ணு ஷார்ட் ஆன அன்னைக்கு தடுக்க ஆளே கிடையாது.

என் கடைக்கு வர்றதுல பாதி கேஸ் இந்த "48 வோல்ட்"ங்கிற வார்த்தையால தான். 13 எஸ் என்.எம்.சி-யும் 48, 14 எஸ்ஸும் 48, 16 எஸ் பாஸ்பேட்டும் (இது வேற வகை லித்தியம் செல்) 48-ன்னு தான் விக்கிறாங்க. ஃபுல் ஆகுறது முறையே 54.6, 58.8, 58.4. டப்பா எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே சைஸ். போன மழையில ஒரு தம்பி வந்தாப்ல, கடையில குடுத்த சார்ஜர் சூடாகுது பேக் பாதியிலயே கட் ஆகுதுன்னு, தூக்கிப் பாத்தா 58.4, பாஸ்பேட்டுக்கு உள்ளது, அவர் பேக் 13 எஸ். தள்ளி வெச்சுட்டு வேற குடுத்தேன். பேக்குல எஸ் கணக்கு எழுதலன்னா ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற நாமினல் வோல்டேஜ (ஃபுல் வோல்டேஜ் இல்ல, பேருக்குப் போடுற வோல்டேஜ்) பாருங்க, 51.2-ன்னா 16 எஸ் பாஸ்பேட், 46.8 இல்ல 48.1-ன்னா 13 எஸ் என்.எம்.சி. கடையில அத சொல்லி கேளுங்க.

———

திருவாரூர் பக்கம். உங்க ஸ்கூட்டர் கதை தான் எங்க மருந்தடிக்கிற மெஷின்லயும். சீசன் நேரத்துல 12 வோல்ட் லெட் ஆசிட் படுத்துருச்சு, கடைக்காரர் அதே சைஸ்ல லித்தியம் குடுத்து பழைய சார்ஜரே போதும்னுட்டார். நைட்டு போட்டா காலைல வரைக்கும் செவப்பு லைட்டு, பச்சை வரவே இல்ல. அக்கா மவன் பாலிடெக்னிக்ல ட்ரிப்பிள் ஈ, ஸ்டிக்கர பாத்துட்டு "மாமா இது 11.1, மூணு செல்லு, 12.6-க்கு மேல போகக்கூடாது, உங்க சார்ஜர் 14.4"ன்னான். திருப்பிக் குடுத்துட்டு 12.8 வோல்ட் பாஸ்பேட் பேக்கும் 14.6 சார்ஜரும் சேத்தே வாங்கினோம். கொஞ்சம் காசு ஜாஸ்திதான், ஆனா இப்ப பச்சை வருது, டேங்க் டேங்கா அடிக்கலாம்.

———

யாரும் பின் பத்தி பேசல. பழைய வண்டி நெறையல கம்ப்யூட்டர் பவர் கார்டு போற மாதிரியே மூணு பின் சாக்கெட்டு தான் இருக்கு. எங்க மாமனார் வீட்டு வண்டி அப்படி. வீட்ல கெடக்குற மானிட்டர் கார்ட யாராவது பொடிசு எடுத்து நேரா சொருகினா 230 வோல்ட் பேக்குக்கு! இதுல ப்ளஸ் எந்த பின்னுன்னு கம்பெனிக்கு கம்பெனி வேற. லித்தியம் மாத்தும்போதே அந்த சாக்கெட்ட புடுங்கி எறிஞ்சுட்டு ஆண்டர்சன் மாதிரி தனி கனெக்டர் போட சொல்லிட்டேன். சார்ஜர் மாட்டுறதுக்கு முன்னாடி மீட்டர்ல ப்ளஸ் மைனஸ் பாத்துக்கோங்க.

———

கோயம்புத்தூர் அண்ணே, என்னோடது 24 ஏ.எச் (ஆம்ப் அவர்) பேக், 5 ஆம்ப் சார்ஜர் குடுத்தாங்க, 10 ஆம்ப் போட்டா சீக்கிரம் ஏறுமே, போடலாமா?

———

செல் தாங்கும் தம்பி, பொதுவா ஏ.எச்-ல பாதி ஆம்ப் வரைக்கும் ஏத்தலாம், 24-ல பாதி 12, அதுக்குள்ள தான் வருது. ஆனா பி.எம்.எஸ் ஷீட்ல சார்ஜ் கரண்ட் தனியா போட்டிருப்பான், வெளிய 30 ஆம்ப் விடுற போர்டு உள்ள வாங்குறது கம்மியா இருக்கும், அத பாக்காம 10 போடாதீங்க. அவசரம் இல்லன்னா 5-ஏ போதும், அஞ்சு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், கடைசி கொஞ்சம் மெதுவா தான் ஏறும், அது கோளாறு இல்ல, வோல்டேஜ பிடிச்சு வெச்சு கரண்ட குறைச்சுட்டே வரும். எலக்ட்ரிக் வண்டி பேட்டரி பாதுகாப்புக்கான இந்திய ஸ்டாண்டர்டு ஏ.ஐ.எஸ் 156, அதோட மூணாவது திருத்தம் 2022 டிசம்பர்ல இருந்து வந்துச்சு பாருங்க, அதுல பேக்கோட சேத்து சார்ஜருக்கும் விதி இருக்கு, கரண்ட மெதுவா ஏத்தி ஆரம்பிக்கிற சாஃப்ட் ஸ்டார்ட், அடியோட இறங்கின பேக்க கண்டுபிடிக்கிற ப்ரீ சார்ஜ், எர்த்துக்கு கரண்ட் கசிஞ்சா கண்டுபிடிக்கிற எர்த் லீக்கேஜ் எல்லாம். இதெல்லாம் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, விலைய மட்டும் பாக்காதீங்க. அப்புறம் சித்திரை வெயில்ல ஓட்டிட்டு வந்த கையோட சொருகாதீங்க, சார்ஜ் ஏத்த 45 டிகிரி தான் பொதுவா லிமிட்டு, சீட்ட தூக்கி ஆறவிட்டு போடுங்க.