நெட் நியூட்ராலிட்டிக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள்!)

வணக்கம். இணையச் சேவை நுகர்வோர் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. நெட் நியூட்ராலிட்டிக்கு இணைய நடுநிலைமை, இணையச் சமநிலை, வலைச் சமத்துவம் என்று பக்கத்துக்கு ஒன்றாக எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லுங்கள். எந்தத் தளம் விரைவாக வரும், எது இழுத்துக்கொண்டு கிடக்கும் என்பதைச் சேவை நிறுவனம் தீர்மானிக்கக் கூடாது, பொருள் அவ்வளவுதான்.

---
இணைய நொதுமல். நியூட்ரானை நொதுமி என்கிறோமே! நொதுமலர் என்றால் நட்பும் பகையும் அற்ற அயலார். சங்கச் சொல். 'சமநிலை' வேண்டவே வேண்டாம், சமம் வடசொல்.

---
> சமம் வடசொல்

ஐயா, 'சமன்செய்து சீர்தூக்கும்' கோலை வள்ளுவர் வடக்கிலிருந்தா வாங்கிவந்தார்? அந்த அதிகாரத்தின் பெயரே நடுவு நிலைமைதான். அப்புறம், அகத்துறையில் 'நொதுமலர் வரைவு' என்றால் தலைவியைப் பெண் கேட்டு அயலார் வருவது. தோழிக்கு வயிற்றைக் கலக்கும் துறை அது. அந்தப் பெயரையா கையேட்டில் போடுவது?

---
அமை, சமை, சமம் என்று வந்தது தமிழ்ச் சொல்லே என்பது என் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

---
நாளை வேண்டாம் ஐயா, அவருக்கு வெள்ளிக்கிழமை கெடு.

நான் வலையமைப்பில் வேலை செய்பவள். நடுநிலை என்றால் இருவர் வழக்கில் எவர் பக்கமும் சாயாதது. இங்கே வழக்கே இல்லை. 2003இல் சட்டப் பேராசிரியர் டிம் வூ எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே நியூட்ராலிட்டியோடு டிஸ்கிரிமினேஷனும் (பாகுபாடு) இருக்கிறது. 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடுத்ததும் பாகுபாடான கட்டணத்தைத்தான். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃபிரீ பேசிக்ஸ் இந்தியாவில் நின்றுபோனது அதனால்தான். 'சமநிலை' வேறு வகையில் கெடுக்கும். நெரிசல் நேரத்தில் வீடியோ எல்லாவற்றையும் கொஞ்சம் மட்டுப்படுத்தினால் அது நிர்வாகம். தன் சொந்த வீடியோ தளத்தை விட்டுவிட்டுப் போட்டியாளரின் தளத்தை மட்டும் மட்டுப்படுத்தினால் அதுதான் குற்றம். முதலாவதையும் தவறு என்று வாசகர் நினைத்துவிடுவார். 'இணையப் பாகுபாடின்மை' என்று வையுங்கள்.

---
பாகுபாடு என்றதும் வாசகர் சாதிக்குப் போய்விடுவார் அக்கா. தலைப்பிலும் கொள்ளாது. நடுநிலைக்கு என் வாக்கு. புரியும், போதும்.

---
நானும் நடுநிலை. ஆனால் 'மை' எதற்கு? நிலையே பெயர்ச்சொல்தானே?

---
சரி, பெரும்பான்மைப்படி 'இணைய நடுநிலை'. முதல் வரவில் மட்டும் 'பாகுபாடு காட்டாத இணையச் சேவை' என்று விளக்கம் சேர்த்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் ஜீரோ ரேட்டிங் (சில தளங்களைப் பார்க்கும் டேட்டாவுக்கு மட்டும் நம்மிடம் கட்டணம் வாங்காதது) வருகிறது. 'சுழியக் கட்டணம்' சரியா?

---
அது பொய். நமக்குக் கட்டணம் இல்லையே தவிர, செலவு நிறுவனத்தின் தலையிலோ அந்தத் தளத்தின் தலையிலோ விழுகிறது. 'கணக்கில் ஏறாத டேட்டா' என்றே எழுதுங்கள்.

---
டேட்டா அல்ல, தரவு. நொதுமலுக்கு ஒரு வாக்கு விழுந்ததையும் பதிவுசெய்துகொள்ளுங்கள்.