புதுப்பிப்பு: கிருஷ்ணகிரி வீட்டுக் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் குளியலறையில் ஈரம் வற்றாமல், மூலையெல்லாம் கரும்பூஞ்சை படர்வதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஃபேனுக்குப் பின்னால் குழாயே இல்லாததால், வெந்நீர் ஆவி முழுவதும் சீலிங்குக்கு மேலேயே தேங்கி, ஜிப்சம் பலகையின் மேற்புறம் விரலால் அழுத்தினாலே உதிரும் அளவுக்கு ஊறிப்போயிருந்தது.

இப்போது 6 அங்குல ஃபேனுக்கு அதே விட்டமுள்ள பிவிசி குழாயைப் பொருத்தி, ஒரே வளைவுடன் வெளிச்சுவர் வரை கொண்டுசென்றிருக்கிறோம். குழாய்க்குள் குளிர்ந்து நீராகும் ஆவி மோட்டாரை நோக்கித் திரும்பாதிருக்க, குழாய் வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்திருக்க வேண்டும்; நம் பகுதியின் மார்கழிப் பனியில் இது மிகவும் அவசியம். வெளிமுனையில், காற்று தள்ளும்போது மட்டும் திறக்கும் ஷட்டர் இருக்கிறது.

பலர் கவனிக்காதது கதவு. உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் எந்த ஃபேனாலும் ஆவியை வெளியேற்ற முடியாது என்பதால், கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி விட்டோம். குளித்த பிறகும் 20 நிமிடம் ஓடவிடுகிறோம்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் முதலில் அதை வெளியே மாற்றிவிடுங்கள். ஃபேனின் இழுப்பில் எரிந்த புகை அறைக்குள்ளேயே திரும்பக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற உயிரைப் பறிக்கும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.